பீடத்துக்கு எடுத்த கல்

தகனினி நிலையத்தில் ரயிலேறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே அலுவலகத்தின் அட்டை தொங்கியது.

“வீட்டுத் தோட்டத்துல பிள்ளையாருக்குப் பீடம் கட்டியாச்சு அக்கா. கடலோரம் வாக்கிங் போற இடத்துல சும்மா கிடந்த கறுப்புக் கல்லு. கார்ல அள்ளிட்டு வந்தேன்,” என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

யாழ்ப்பாணத்துப் பெண் கைபேசியை மடியில் வைத்தார். “சும்மா கிடந்ததோ? அது இந்த நாட்டுப் பூர்வகுடி மாவோரிச் சனம் அந்தக் காலத்தில தோட்டத்துக்கு அடுக்கின கல்லு தம்பி. பகல் வெயிலைப் பிடிச்சு வைச்சு, ராவில கிழங்குக் கொடிக்குச் சூடு குடுக்கும். தொல்லியல்காரர் ஆராய்ஞ்சு பலகை வைச்சிருக்கினம், வாசிக்கேல்லையோ?”

“அங்க யாருமே இல்லையே அக்கா.”

“எப்பிடி இருப்பினம்? அப்பவே வெள்ளைக்காரர் சண்டையெண்டு சொல்லி ஆக்களைக் கலைச்சுப்போட்டெல்லோ காணியைப் பிடிச்சவை!”

“நாலு கல்லுதானே, அதுவும் சாமிக்கு...”

“எடுத்த இடத்திலயே கொண்டுபோய் வையுங்கோ. பிள்ளையார் புல்லிலயும் இருப்பார்.”

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் குரலைத் தணிக்கவில்லை.

“நாங்கள் முகாமில இருக்கேக்கை எங்கட வீட்டு மதில் கல்லைக் கழட்டிக்கொண்டு போனவங்களும் இப்பிடித்தான் சொன்னவங்கள், அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு.”