வெள்ளேரிப்பாக்கத்து முத்திரை

“ஹலோ... ஹலோ... எக்சேஞ்சா? மெட்ராஸ் கெடச்சிதா?... ஆமா, ஆமா, தணிகாசலம்தான். ஒரு மணி நேரமா நிக்கறேம்மா... கெடச்சிடுச்சா? குடுங்க, குடுங்க. நடுவுல கட் பண்ணிடாதீங்க தாயே...”

ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸில் டெலிபோனுக்குத் தனி அறை கிடையாது. கவுண்டரின் ஓரத்தில், மணியார்டர் பாரம் நிரப்புகிறவர்களின் முழங்கைக்குப் பக்கத்தில் அது இருந்தது. மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டால் கத்தித்தான் பேச வேண்டும். கத்தினால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். தம் வீட்டுச் சங்கதி நாலு பேர் காதில் விழக் கூடாது என்பதாலேயே தணிகாசலம் இந்த ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் அந்தக் கருவியைத் தொட்டதில்லை. இன்று வலது கையில் ரிசீவர். இடது கையில், காலையில் மகளிடமிருந்து வந்த தந்தி. ‘சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் முடிகிறது. உடனே கல்லூரிக்குப் பேசவும். செங்கமலம்.’

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

“ஹலோ... வணக்கங்க. டிபார்ட்மென்ட் தலைவி அம்மாதானே? நான் வெள்ளேரிப்பாக்கம் கிராம முன்சீப் தணிகாசலம் பேசறேன்... முன்சீப்... ஆமாங்க, செங்கமலத்தோட தகப்பனார். சரித்திரமும் சர்வதேச உறவும் சேந்தாப்ல புதுசா ஒரு பி.ஏ. தொடங்கியிருக்கீங்களே, அதுல எடம் கெடச்ச பொண்ணு... ஆமா, ஆமா, கிராமத்துப் பொண்ணுங்களுக்குன்னு ஒதுக்கின ரெண்டு எடத்துல ஒண்ணு. அதேதாங்க.”

முன்சீப் என்று அவர் சொன்னபோது வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. எண்பதாம் வருஷம் தீபாவளி கழிந்த வாரத்தில், ஒரே உத்தரவில், தமிழ்நாடு முழுக்கப் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி போயிற்று. இப்போது எண்பத்திரண்டு ஜூன். மூன்று தலைமுறையாகத் தணிகாசலத்தின் வீட்டில் இருந்த வேலையை, பரீட்சை எழுதித் தேறிய கன்னியப்பன் பார்க்கிறான். கிராம நிர்வாக அலுவலர் என்று இப்போது அதற்குப் பெயர். தணிகாசலத்திடம் தலையாரியாக இருந்து, அவர் கூப்பிட்ட குரலுக்குத் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்த நாகப்பனின் மகன் அவன்.

அந்தக் கன்னியப்பன் வரிசையில் மூன்றாவது ஆளாக, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தான். தணிகாசலம் அவன் பக்கம் திரும்பவில்லை. பதவி போன நாளிலிருந்து திரும்பியதில்லை.

“செல்லாதுன்னா எப்படிங்க? பொறந்ததுலேர்ந்து எம் பொண்ணு வெள்ளேரிப்பாக்கத்துலதான் குடியிருக்கா. அதைத்தான் எழுதியிருக்குது. அதுல ஒரு எழுத்து பொய்யா?... ஆமா... ஆமாங்க, கிராமத்து முத்திரைதான்... கையெழுத்தா? கையெழுத்து... கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா, காதுல விழல...”

காதில் நன்றாகவே விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் முதுகை நிமிர்த்தினார்.

“அவ இன்டர்வியூல பேசினது ஞாபகம் கீதுங்களா? ஏரித் தகராறு... ஆமா, ஆமா! அதேதான்! எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் அருவா எடுக்கற அளவுக்குப் பகை. ஏரிக்குள்ள ஒரு கல்லு நட்டு, கல்லு முழுகிக் கீற வரைக்கும் ரெண்டு ஊரும் மதகு தொறக்கலாம், கல்லு வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் மூடிடணும்னு அறுபத்தொண்ணுல உடன்படிக்கை எழுதினது நாந்தாங்க. நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போடறதும் இதுவும் ஒண்ணுதான்னுவா அவ... சிரிக்காதீங்கம்மா, அப்படித்தான் சொல்லுவா. இப்ப எங்கியோ தெக்கே கடல்ல ரெண்டு தீவுக்காக இங்கிலீஷ்காரன் கப்பல்ல போயி சண்டை போட்டானே, அந்த மேப்பைப் பேப்பர்லேர்ந்து வெட்டி நெல்லு மூட்டைக்கு மேல செவுத்துல ஒட்டி வெச்சிக் கீறா. சொந்தக்காரனுங்க கேக்கறானுங்க, சரித்திரம் படிச்சிட்டு இன்னா, கோட்டை கட்டப் போறாளான்னு. நான்தான் வாயை மூடுங்கடான்னேன்... ஆமாங்க, விஷயத்துக்கு வரேன். அந்த உடன்படிக்கையிலயும் இதே முத்திரைதாம்மா. இருவத்தோரு வருஷமா ரெண்டு ஊரும் மதிக்குது. அது செல்லுது. இது மட்டும் ஏன் செல்லாது?”

ரிசீவருக்குள் ஒரு பெண்குரல் நிதானமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது.

“ம்... ஆமா... அப்ப பதவி இருந்திச்சி... ஆமா... ஆமாங்க... ஒரே கை, ஒரே முத்திரை. தேதிதான் வேற. புரியுதுங்க.”

தேதியை மாற்றிப் போட அவருக்குத் தெரியாதா? பதவி இருந்த காலத்து நாள் ஒன்றைப் போட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை. பொய்த் தேதி எழுத அவருக்குக் கை வரவில்லை. நாகப்பன் மகனுக்கு எதிரே போய் நிற்கக் கால் வரவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்துவிட்டு, அன்றைய மெய்யான தேதியைப் போட்டு, இல்லாத பதவியை எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி மகளிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

“எக்சேஞ்சா? மூணு நிமிஷம் ஆயிடுச்சா? நீட்டுங்கம்மா, நீட்டுங்க... ஹலோ, இருக்கீங்களா? சொல்லுங்கம்மா... யாரு?... இன்னா சொன்னீங்க?... செங்கமலமா?... அவளே எழுதினேன்னு சொன்னாளா?”

போஸ்ட்மாஸ்டர் ரகுபதி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலைக் கவுண்டருக்கு வெளியே தள்ளினார். தணிகாசலம் உட்காரவில்லை.

“எழுதியே குடுத்துட்டாளா? அப்பாவுக்குத் தெரியாம முத்திரையை எடுத்து நானே குத்தினேன்னா?... பொய்யம்மா. அது பொய்... ஐயோ, இல்ல, அவ பொய்க்காரி இல்ல! பொறந்ததுலேர்ந்து இது ஒண்ணுதான். எங்கப்பாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு தூக்கித் தன் தலையில போட்டுக்கினா... டி.சி.யில எழுதிடுவீங்களா?... அப்புறம் வேற காலேஜ்லயும் சேக்க மாட்டாங்களே... அம்மா, அம்மா, வெச்சிடாதீங்க. ஒரே நிமிஷம். கால்ல விழறேன்னு வெச்சிக்கோங்க... நான் அவளைக் காப்பாத்த சொல்லலம்மா. நெசத்தைச் சொல்றேன்... முத்திரையா?... எங்க கீதுன்னா...”

பதவி போனபோது அடங்கல், சிட்டா, வரைபடம் எல்லாவற்றையும் கணக்குச் சுத்தமாகத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்த மனிதர் அவர். பித்தளை முத்திரை மட்டும் தொலைந்து போயிற்று என்று எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் எழுதினால் மெய் என்று தாசில்தார் மறு கேள்வி கேட்கவில்லை. ஊரும் நம்பியது. வரிசையில் நின்ற கன்னியப்பனும் நம்பியிருந்தான்.

“எங்கிட்டதான் கீது... தொலையல. தொலைஞ்சி போச்சின்னு எழுதிக் குடுத்தேன். அது பொய். ஒண்ணரை வருஷமா மடியில வெச்சிக்கினு திரியறேன். தூங்கும்போதுகூட என் இடுப்பை விட்டு எறங்கினதில்ல, இப்பவும் இங்கதான் கீது. அவ எப்படிம்மா குத்தியிருப்பா?... கேக்கலியா? இன்னும் சத்தமாவா?... நான் திருடினேம்மா! சர்க்கார் முத்திரையை நான் திருப்பித் தரல!”

வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து அதைக் கவுண்டரில் வைத்தார். பித்தளை மரத்தில் தட்டிய சத்தம் தபாலாபீஸ் முழுக்கக் கேட்டது. மணியார்டர் எழுதிக்கொண்டிருந்த ஒரு கிழவி மட்டும் எழுதியது போதுமா என்று பக்கத்தில் கேட்டாள்.

“சரிங்க... சரிங்க... சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியான சான்றிதழ் வந்தா எடம் போவாதுங்களா? நெசமாவா? உங்க வாயால சொல்றீங்களே?... இப்ப கீற அதிகாரி கையெழுத்து... ஆமா... இருங்கம்மா, கொஞ்சம் இருங்க.”

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உடம்பை மட்டும் திருப்பினார்.

“கன்னியப்பா...”

பழைய பழக்கத்தில் வந்த அழைப்பைத் திருத்திக்கொண்டார்.

“கன்னியப்பன் சார். எல்லாம் கேட்டிருப்பீங்க. எம் பொண்ணு நம்ம ஊர்லதான் குடியிருக்கான்னு ஒரு வரி எழுதிக் குடுக்கணும். அவ மேல தப்பு இல்ல. நான் கேக்கறேன்.”

கன்னியப்பன் வரிசையை விட்டு வந்தார். கவுண்டரில் கிடந்த பித்தளையைப் பார்த்தார். பையிலிருந்து தாளையும் தம் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பெண்ணின் பெயரையோ வயதையோ அவர் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று தணிகாசலத்துக்கு இருந்தது.

“எழுதறாருங்க... எழுதிக்கினே கீறாரு. அடுத்த பஸ்ஸுக்கு நானே எடுத்துக்கினு வரேன். அம்மா, நான் குடுத்த அந்தப் பழைய காகிதத்தைக் கிழிச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்... முடியாதா?... பைல்லயே இருக்குமா? மூணு வருஷமும்?... சரி. இருக்கட்டும். ஆனா அவ எழுதிக் குடுத்தது இருக்கக் கூடாது. அதுக்குப் பதிலா என் வாக்குமூலம்தான் இருக்கணும்... பன்னெண்டு மணிக்குள்ளவா? அதுக்குள்ள நான் எப்படி... இப்பவே சொல்றேன், எழுதிக்கோங்க... தமிழ் எழுத வராதுங்களா? கொல்லமா உங்களுக்கு?... வேற யாராவது ஒருத்தர்... யாருமே இல்லியா?... அவளையா? அவளையா எழுதச் சொல்றீங்க?... நீங்க பக்கத்துல நின்னு கேப்பீங்களா?... சரி. குடுங்க.”

வாழ்நாளில் ஆயிரம் வாக்குமூலமாவது அவர் எழுதியிருப்பார். மாடு திருடியவன், வரப்பை வெட்டியவன், மனைவியை அடித்தவன் எல்லோரும் அவருக்கு எதிரே நின்று சொன்னவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில் என்று தொடங்கும். முடிவில் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். கேட்டவன் தன் வாயால் ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வாக்குமூலத்தை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.

“செங்கமலம்... அழாத. அழாத கண்ணு, நேரம் இல்ல. பேனா எடுத்தியா?... எழுது. செங்கல்பட்டு ஜில்லா, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா, வெள்ளேரிப்பாக்கம் கிராமம், காலஞ்சென்ற பரசுராமன் குமாரன் தணிகாசலம், வயது ஐம்பத்தொன்பது, தொழில்...”

அந்த இடத்தில் நாக்கு நின்றது. அந்தப் பக்கம் பேனா நிற்கவில்லை போலும்.

“இன்னா எழுதினே?... அடி. அதை அடிச்சிடு... முன்சீப் இல்லம்மா. முன்னாள்னும் போடாதே. பயிர்த்தொழில்னு எழுது... எழுதிட்டியா? மேற்படியான் சொந்த மனதுடன் கொடுத்த வாக்குமூலம். மேற்படி சான்றிதழை எழுதியது நான். முத்திரை குத்தியது நான். அந்தத் தேதியில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும்... ஏன் நின்னுட்டே? எழுது... முடியாதுன்னா எப்படி? பழைய காகிதம் எது மெய், எது பொய்னு பாக்கறதுதானே உன் படிப்பு? உன்னுது அந்த பைல்ல இருந்திச்சின்னா, நாளைக்கு எடுத்துப் பாக்கறவன் உன்னைத்தானே திருடின்னு சொல்லுவான்? நான் உசிரோட இருந்து அத பாக்கணுமா?... எழுதும்மா. என் மகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை... ஆமா. போட்டுட்டியா?... முத்திரையை இன்று கிராம நிர்வாக அலுவலர் திரு. கன்னியப்பன் வசம் ஒப்படைத்துவிட்டேன். திரு போட்டியா? போடு.”

கன்னியப்பன் எழுதி முடித்திருந்தார். சான்றிதழைக் கவுண்டரில் வைத்து, அது பறக்காமலிருக்கப் பித்தளை முத்திரையை எடுத்து ஒரு கணம் அதன் மேல் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முத்திரையை எடுத்துத் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தணிகாசலத்தின் கையிலேயே கொடுத்தார்.

“எக்சேஞ்ச், இன்னும் ஒரே ஒரு நிமிஷம் தாயே... செங்கமலம், படி. மேலேர்ந்து முழுசாப் படி... அழுதுக்கினே படிச்சா எனக்குக் கேக்குமா? கண்ணைத் துடைச்சிக்கினு படி.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். தபாலாபீஸில் எல்லோருக்கும் அவர் குரல் கேட்டிருந்தது. மகளின் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

“ம்... ஆமா... ஆமா... ஆமா... அந்த வரியைத் திரும்பப் படி... ஆமா... பயிர்த்தொழில். ஆமா... ஆமாம்மா...”

நிமிர்ந்தார்.

“படிக்கக் கேட்டேன். சரி.”

லைன் அதோடு அறுந்தது.