பாதியில் நின்றவர்கள்

மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மருந்துச் சோதனைகளை எப்படி நடத்தினார்கள் என்பதை மருத்துவக் கட்டுரைகளிலிருந்து எடுத்துக் கணினியில் தொகுப்பது இருவருக்கும் வேலையாம்.

"எங்கப்பாவ ஒத்துழைக்காதவர்னு நானே டைப் பண்ணேன்க்கா," என்றாள் இளையவள்.

"உங்கப்பாவயா?"

"கும்மிடிப்பூண்டில நடந்த சக்கர வியாதி மாத்திரை சோதனை. அவரும் அதுல சேந்து பாதில நின்னுட்டாரு. பாதில நின்னவங்க எல்லாருக்கும் ஒத்துழைக்கலங்கறதுதான் காரணம்னு கட்டுரைல எழுதிகீறாங்க. பத்து மணிக்கு ரத்தம் குடுக்க வான்னு டாக்டரு சொன்னா, கம்பெனி ஷிப்ட்ட உட்டுட்டு எப்டி போவாரு?"

"வேலை நேரம்னு மாத்திப் போட வேண்டியதுதான?"

"போட்டேன். கட்டுரைல இல்லாதத போடாதன்னு ஆபீஸ் சார் அழிச்சிட்டாரு."

"சரி, உடு."

"இன்னாத்த உடறது? டைம மாத்தாத டாக்டர் பேரு கட்டுரை மேல கொட்டை எழுத்துல கீது. எங்கப்பாவுக்குப் பேரே இல்ல, பழி மட்டும் கீது."