குறுக்கே போட்ட கட்டில்

— குறுக்கதான் போடணும் ஆரின். இன்னொரு தடவை ‘நீளவாக்குல போடலாமா’ன்னு கேட்டே, அந்த ரம்பத்தைப் பிடுங்கி நானே பலகையை அறுத்துப்பேன்.

— நான் எங்க கேட்டேன் மார்லிஸ்? டேப்புதான் கேக்குது. டிரெய்லர் உள்ள பன்னண்டு அடி நீளம் சும்மா கிடக்கு. அகலம் ஆறே அடி. அதுலயும் ரெண்டு பக்கமும் தெர்மகோல் ஒட்டி மேல பிளைவுட் அடிச்சாச்சு. மிஞ்சினது அஞ்சடி எட்டு இன்ச்.

— உன் டேப்புகிட்ட சொல்லு, நான் அஞ்சடி ஒண்ணு. எனக்குப் போக ஏழு இன்ச் மிச்சம்.

— வேற யாராவது வந்து படுத்தா?

— யாரு, உங்கண்ணனா? அதுக்காகத்தானே குறுக்கே போடறேன். லைல் ஆறடி மூணு. இந்த வண்டிக்குள்ள அவன் ஜென்மத்துக்கும் காலை நீட்ட முடியாது. அதை நினைச்சாலே எனக்குத் தூக்கம் சொக்கிட்டு வருது.

— அவன் உன்னை விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவன் எதுக்கு வந்து இதுல படுக்கப் போறான்?

— வரமாட்டான். வந்தாலும் முடியக்கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்.

— பனியில ஓட்டற ஸ்கூட்டரை ஏத்திட்டுப் போற தகரப் பெட்டி இது. இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா! மோந்து பாரு, தரையில இன்னும் எஞ்சின் எண்ணெய் வாடை.

— அவன் வாடை. கேட்டுக்கோ, அந்த மனுஷன் போகும்போது ரெண்டே ரெண்டைத்தான் விட்டுட்டுப் போனான். இந்த டிரெய்லரும் நானும். ரெண்டுக்கும் டயர்ல காத்து இல்லைன்னு நினைச்சுட்டான்.

— எனக்கும்தான் காத்து இல்ல. ஆனா ஒண்ணு, என்னை யாரும் விட்டுட்டுப் போனதில்ல. கூட்டிட்டுப் போனாத்தானே விட்டுட்டுப் போக!

— உன் கல்யாணக் கதையை அப்புறம் அழு. ஜன்னல் அளவைப் பாரு.

— பாக்கறேன், பாக்கறேன். ஆனா இந்த வெயில்ல உன் வாசல்ல நின்னு வேகறேன். ஜூன்லயே இப்படின்னா ஜூலைல விஸ்கான்சின் முழுக்க அப்பளம்தான்.

— உன் கராஜ்ல நிழல்ல வச்சுப் பண்ணலாம்னு எத்தனை தடவை சொன்னேன்? நீதானே வேண்டாம்னே.

— கராஜ் நிறைஞ்சிருக்கு.

— எதால?

— பழைய சாமான். பெருசு. நகர்த்த முடியாதது.

— ஒண்டிக்கட்டைக்கு அப்படி என்னடா சாமான்? நேத்து ரொட்டிக்கடையிலகூட ரெண்டு முட்டை சாண்ட்விச் வாங்கிட்டிருந்தே. வயிறு ஒண்ணுதானே?

— அது வந்து, ஒண்ணு நாய்க்கு.

— உனக்கு நாய் கிடையாது.

— வளக்கலாம்னு ஒரு யோசனை. இந்தா, ஜன்னல் எங்க வரணும்னு கோடு போடு.

— இங்கதான். டிரைவர் பக்கம். இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்க.

— அவ்வளவு உசரத்துல எதுக்கு? நீ எட்டிப் பாக்க ஸ்டூல் போடணும்.

— ஸ்டூல் போடுவேன். அவன் வீடு மாதிரி ஓட்டிட்டுத் திரியற மோட்டார் ஹோம்ல சாப்பாட்டு மேஜை இருக்கற இடத்துக்கு இது நேரா வரணும். காலைல காபிக் கோப்பையோட அவன் தலையைத் தூக்கினா என் மூஞ்சி. மத்தியானம் தூக்கினா என் மூஞ்சி. பதினாலு நாள்.

— இதுக்கு பேசாம அவன் மேல ஒரு கல்லை எறிஞ்சுடலாம்.

— கல்லு ஒரு நொடில முடிஞ்சிடும். முப்பத்தோரு வருஷம் ஆரின்! ஒவ்வொரு ஜூலையும் அதே ஏரிக்கரை, அதே நாப்பத்திரண்டாம் நம்பர் இடம், அதே பச்சைக் கூடாரம். எனக்கு முட்டி போச்சு, இடுப்பு போச்சு. சின்னதா, கையை நீட்டினா ரெண்டு சுவரும் இடிக்கற மாதிரி ஒரு கேம்பர் வாங்கலாம்னு கெஞ்சினேன். என்ன சொன்னான்?

— தரையில படுத்தாத்தான் கேம்பிங். சக்கரத்து மேல படுக்கறதுக்குப் பேர் சோம்பேறித்தனம்.

— உனக்கே மனப்பாடம் பாரு. அப்புறம், அந்த கிறிஸ்டல்ங்கறவகூடப் போன மூணாவது மாசம்?

— முப்பத்தெட்டு அடி மோட்டார் ஹோம்.

— உள்ள என்ன?

— வேண்டாம் மார்லிஸ். உனக்கு பிரஷர் ஏறும்.

— உள்ள என்னன்னு கேட்டேன்.

— கணப்பு அடுப்பு.

— கணப்பு அடுப்பு! சக்கரத்து மேல! அதுல எரியறது விறகில்ல ஆரின், என் இடுப்பெலும்பு.

— சரி, தண்ணி குடி.

— அதுக்காகத்தான் போன வருஷம், இந்த ஜூலைக்குப் பதினொரு மாசம் முன்னாடியே, ஏரிக்கரை இடத்துக்கு புக்கிங் திறக்கற அன்னிக்கு, காலைல ஒன்பது மணி அடிக்க விரலைத் தூக்கி வச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தேன். நாப்பத்தொண்ணாம் நம்பர் இடம் எனக்கு. பதினாலு நாளைக்கு மேல யாரையும் தங்க விடமாட்டாங்க, இல்லைன்னா கோடை பூரா போட்டிருப்பேன். அதே நிமிஷம் நாப்பத்திரண்டும் போச்சு. யாரு எடுத்திருப்பான்னு நான் கேக்கணுமா?

— கேக்க வேண்டாம்.

— அந்தப் பச்சைக் கூடாரத்தை வெட்டி ஜன்னலுக்குத் திரை தச்சு வச்சிருக்கேன். அவன் ஒட்டுப்போட்ட இடம் சரியா அவன் பக்கம் பாத்துத் தொங்கும். அப்புறம் செர்ரிப் பழம் அடைச்சுச் சுட்ட பை. சூடா ஜன்னல் விளிம்புல வைப்பேன். காத்து ஏரிலேர்ந்து அவன் பக்கமாத்தான் அடிக்கும், எனக்குத் தெரியும்.

— ஒத்தை பர்னர் அடுப்புல பை எப்படிச் சுடுவே?

— வீட்லயே சுட்டு எடுத்துட்டுப் போய்ச் சூடு பண்ணுவேன். பஸ் ஓட்டினவகிட்ட வழி சொல்லாதே. நீ வெட்டு.

— மார்லிஸ், ஒரு விஷயம். தகரத்துல ஓட்டை போட்டா போட்டதுதான். திருப்பி ஒட்ட முடியாது. இன்னும் ரெண்டு நாள் யோசிச்சு...

— யோசிக்கறது உன் வேலை இல்ல. வெட்டு.

— வெட்டறேன். காதைப் பொத்திக்கோ.

— என்ன சத்தம் அது?

— பிளேடு உடைஞ்சிடுச்சு. ஒரு சாண்கூட வெட்டல. நல்ல வேளை, விரல் அப்படியே இருக்கு. முன்னாடியே ரம்பம் தின்ன அரை போக, மீதி ஒன்பதரையும்.

— உன் கராஜ்ல டப்பா நிறைய பிளேடு வச்சிருப்பியே. ரெண்டு தெருதானே, நான் போய் எடுத்துட்டு வரேன்.

— வேண்டாம்!

— ஏன் கத்தறே?

— பூட்டியிருக்கு. சாவி... சாவி தொலைஞ்சு போச்சு. அதோட உள்ள குளவி. கூடு கட்டியிருக்கு.

— ஆரின். இருபத்தேழு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன். கண்ணாடில பின்சீட்டைப் பாத்தே எவன் பொய் சொல்றான்னு பிடிச்சுடுவேன். உன் காது செவந்து போச்சு. கராஜ்ல என்ன இருக்கு?

— சொன்னேனே, பழைய சாமான்.

— எவ்வளவு பழசு?

— அறுபத்தஞ்சு வயசு.

— சாமானுக்கு வயசா? எவ்வளவு பெருசு?

— ஆறடி மூணு இன்ச்.

— லைலா?

— கோவப்படாதே. சுத்தியலைக் கீழ வை. முதல்ல அதை வை.

— எப்ப இருந்து?

— நாலு வாரமா. முதுகு வைத்தியம்னு ரெண்டு நாள் காணாமப் போனேனே, அப்ப முதுகுக்கு ஒண்ணுமில்ல. அயோவா போய் இவனை ஏத்திட்டு வந்தேன்.

— அந்த முப்பத்தெட்டு அடி அரண்மனை என்னாச்சு?

— அது கிறிஸ்டல் பேர்ல இருந்துச்சாம். வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல இவன் கக்கூஸுக்குப் போயிருக்கான். வெளிய வந்து பாத்தா, அவ்வளவு பெரிய வண்டியைக் காணோம்.

— விட்டுட்டுப் போயிட்டாளா?

— கையில ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதையோட அப்படியே நின்னிருக்கான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள பாதியைத் தின்னுட்டான்.

— இருபத்தேழு வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட நான் எங்கயும் விட்டுட்டு வந்ததில்ல. தலை எண்ணாம பஸ்ஸை எடுத்ததே இல்ல.

— சிரிச்சுக்கோ மார்லிஸ். எனக்கே வண்டில வரும்போது சிரிப்பு வந்துச்சு. உனக்கு இதைவிடப் பெரிய விருந்து யாரு வைக்கப் போறா?

— சிரிக்கத்தான் பாக்கறேன். வரமாட்டேங்குது. நாப்பத்திரண்டு?

— கேன்சல் பண்ணிட்டான். கூடாரம்கூட இல்லாதவன் அங்க வந்து என்ன பண்ணுவான்?

— அப்ப என் ஜன்னலை யாருடா பாக்கப் போறா?

— அணில் பாக்கும். மீன்கொத்தி பாக்கும். ஏரிக்கரைல கூட்டத்துக்கா பஞ்சம்?

— பத்து மாசம் ஆரின். ஒவ்வொரு ஆணியையும் அவன் மூஞ்சியை நினைச்சுத்தான் அடிச்சேன். எல்லாம் தெரிஞ்சும் நாலு வாரமா என்கூட நின்னு தெர்மகோல் ஒட்டியிருக்கே, படுபாவி!

— என்ன பண்ணச் சொல்றே? அவன் போனதுலேர்ந்து நீ நைட்டியைவிட்டு வெளிய வரல. இந்தப் பெட்டியைக் கழுவ ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் தலை சீவினே. போன வாரம் தரை அடிக்கும்போது பாட்டுகூடப் பாடினே. கேக்கச் சகிக்கல, ஆனா பாடினே. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரல.

— அதுக்குத்தான் வாய்க்கு வாய் ‘நீளவாக்கு, நீளவாக்கு’ன்னியா?

— ஒருவேளை உனக்கு மனசு மாறினா, அவனுக்கு ஒதுங்க ஒரு இடம் ஆகுமேன்னு ஒரு நப்பாசை. என் வீட்டுல இருக்கறது ஒத்தை ரூம், ஒத்தைக் கட்டில்; அவன் விடற குறட்டைக்கு என் கராஜ் கதவு தானாத் திறக்குது.

— எதுல படுக்கறான்?

— தரையில.

— சிமெண்ட் தரையா?

— மான் வேட்டைக்குப் போகும்போது நான் எடுத்துட்டுப் போவேனே, அந்தத் தூக்கப்பை. ஜிப்பு போனது. அதை விரிச்சுக் குடுத்தேன்.

— இடுப்பு?

— காலைல சுவரைப் பிடிச்சு எழுந்திரிக்கறான். முட்டி நேராக பத்து நிமிஷம் ஆகுது.

— தரையில படுத்தாத்தானே கேம்பிங்.

— அதை அவனே சொன்னான். முந்தாநாள். சொல்லிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டான்.

— தள்ளு, வழி விடு.

— மார்லிஸ்? எங்க போறே? கராஜுக்கா? சுத்தியலோடயா?

— கடைக்கு. பிளேடு வாங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஜன்னலும் கட்டிலும் முடியணும்.

— இனிமே யாருக்கு என்ன அவசரம்?

— ஜூலைல பதினாலு நாள் இது எனக்கு. நாப்பத்தொண்ணை எவனுக்காகவும் விடமாட்டேன். அணில் பாத்தாலும் சரி, அந்த ஜன்னல்ல நான் உக்காருவேன். அதுவரைக்கும், அதுக்கப்புறமும், இதை இழுத்துட்டுப் போய் உன் வாசல்ல நிறுத்து. கேட்டுக்கோ, உன் வாசல்ல. அவன் நிழல்கூட என் புல்லு மேல விழக்கூடாது.

— மார்லிஸ்! அவனுக்கா? இதையா?

— சிமெண்ட்ல எத்தனை நாள்தான் படுப்பான்? எனக்குத் தெரியாதா அந்த வலி?

— என் ஒன்பதரை விரல் மேல சத்தியமா, உன்னை மாதிரி ஒருத்தி... இரு, இரு, கட்டில் பலகை இன்னும் ஆணி அடிக்காமத்தான் இருக்கு. அஞ்சே நிமிஷம், நீளவாக்குல திருப்பிடறேன்.

— அதைத் தொட்டே, மீதி ஒன்பதரையும் உனக்கு இருக்காது. குறுக்கதான். அவனை மடங்கிப் படுக்கச் சொல்லு.