பொட்டி ஒடைக்காத பீஸ்

இல்ல பாய், டீயெல்லாம் சொல்லாதீங்க. டீக் குடிக்கவா நான் மசாஃபி மலையில இருந்து துபாய் தேராவுக்கு வந்தேன்? மொதல்ல எனக்கு ஒரு நாயம் சொல்லுங்க. ஷோகேஸுல இருக்குறப்ப ஒரு சைஸு, பொட்டிக்குள்ள போனா வேற சைஸா? வெளிய நாப்பத்தொன்னுன்னு கொட்ட எழுத்துல ஒட்டியிருக்கான்... உள்ள கால விட்டா சின்னப்புள்ள பூட்ஸு மாதிரி நெருக்குது! இந்த வெரலப் பாருங்க. அட, பாருங்க பாய், மூஞ்சியத் திருப்புனா எப்புடி? இதான் கட்டவெரலு. நகம் எங்கன்னு கேக்க மாட்டீங்களா? நகம் மலையில கெடக்கு.

என்னது, பூட்ஸா? கொண்டு வரல. அது... அது வேற கத. வாரேன், வாரேன், அங்கிட்டுத்தான் வாரேன்.

எங்க மொதலாளி, அர்பாப்பப் பத்தி ஒங்களுக்கே தெரியும். தங்கமான மனுசன். ஆனா வேட்டைன்னா பைத்தியம். அவரு மஸ்ராவுக்கு, அதான் தோட்டத்துக்குப் பின்னால மலையில வேலி போட்டு கௌதாரி வளக்குறாரு. குளுரு வந்துட்டாப் போதும், வெள்ளிக்கெழமயானா அதுல நாலஞ்ச மலைப் பக்கம் தொறந்து விட்டுட்டு, கையில பருந்த வச்சுக்கிட்டு மேல போயி நின்னுக்குவாரு. கௌதாரி என்ன, இந்தா என்னையப் புடின்னு எதுக்க வந்து நிக்குமா? கல்லு இடுக்குல, முள்ளுக்குள்ள போயி அமுங்கிக்கிரும். யாராச்சும் போயி அத கலைச்சு விடணும்ல? யாரு போறது? சமையக்கார வைரவன்! வேற ஊருல இதுக்கு நாய் வச்சிருக்கானாம் பாய். எங்க வீட்டுல நான். அவரு மேல நின்னுக்கிட்டு ‘யல்லா, யல்லா’ம்பாரு. நான் கீழ கையத் தட்டிக்கிட்டு ‘ஹோய்... ஹோய்’னு ஓடணும். மலைன்னா ஒங்க ஊரு மணல்மேடு கெடையாது. மண்ணே இல்லாத மல. பான ஓட்ட ஒடச்சுக் கொட்டுன மாதிரி கல்லு. ஒண்ணு மேல கால வச்சா ஒம்போது உருளும்.

சிரிக்காதீங்க. எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு. வாரம் முச்சூடும் மந்திச் சோறு, மஜ்பூஸ் சோறுன்னு அடுப்புகிட்டயே வெந்துக்கிட்டு கெடக்குறவனுக்கு அந்த ஒரு நாளுதான் காத்து. கௌதாரி காலுக்குக் கீழ இருந்து விர்ருன்னு கெளம்பும் பாரு... நெஞ்சு அப்புடியே நின்னு ஓடும் பாய்.

மொதல்ல செருப்போடதான் ஓடுனேன். முள்ளு செருப்பையும் என்னையும் சேத்துத் தச்சுருச்சு. அப்புறம் சோனாப்பூர் லேபர் கேம்புல இருக்குற நம்ம ஊருப் பய ஒருத்தன் அவன் சேஃப்டி ஷூவக் குடுத்தான். மூக்குல இரும்பு வச்சிருக்கும்ல, அது. வெயிலு ஏற ஏற வெரலு அஞ்சும் தோசக்கல்லுல கெடந்த மாதிரி ஆயிப்போச்சு. சரிடா வைரவா, நல்ல பூட்ஸாப் பாப்போம்னுதான் ஒங்க கடைக்கு வந்தேன்.

நீங்க சொன்னதெல்லாம் சரிதான், நான் இல்லைங்கல. கணுக்கால மூடி நிக்கணும், இல்லாட்டி கல்லுல காலு மடங்கிரும்னு சொன்னீங்க. சரி. அடியில பல்லு ஆழமா இருக்கணும்னீங்க. சரி. தண்ணி போகாத பூட்ஸு வேணாம், அந்த மலையில தண்ணி எங்க இருக்கு, வேர்வதான் உள்ளயே தேங்கும்னு சொன்னீங்க. ரொம்பச் சரி! ஒரு வாரம் ரூமுக்குள்ளயே போட்டு நடந்து பழக்குங்க, அப்புறமா மலைக்குப் போங்கன்னீங்க. ஷோகேஸுல இருந்தத தடியான சாக்ஸோட மாட்டி விட்டீங்க. ஆத்தாடி, மெத்த மேல நடந்த மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

ஆனா ஷோகேஸு பீஸ யாராச்சும் வாங்குவானா பாய்? வர்றவன் போறவன் எல்லாம் கால விட்டுப் பாத்தது. அதான் பொட்டி ஒடைக்காத பீஸு வேணும்னு கேட்டேன். அதுல என்ன தப்பு? ‘இதையும் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுப் போங்க’ன்னு நீங்க சொன்னீங்க, ஆமா, சொன்னீங்க. கடையில வச்சுப் பொட்டிய ஒடச்சா அப்புறம் அது என்னா புதுசு?

பழக்குனியான்னு கேக்குறீங்களா? எங்க பழக்குறது! ரூமுக்குள்ள போட்டா அடி அழுக்காயிரும்னு பொட்டியோட கட்டுலுக்கு அடியில வச்சிருந்தேன். வெள்ளிக்கெழமதான் தொறந்தேன். அந்தச் சீனி மாதிரி பொட்டலம் போட்டிருப்பான்ல, ‘திங்காதே’ன்னு எழுதி? அத மறக்காம எடுத்து எறிஞ்சேன். எனக்கு அதெல்லாம் தெரியும் பாய். நான் என்ன நேத்தா பிளேன் ஏறி வந்தேன்?

கால விட்டேன். போகல. இழுத்துக் கட்டுனேன். போச்சு. போச்சுன்னா... வெரலெல்லாம் மடங்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒக்காந்துருச்சு. புதுசுன்னா அப்புடித்தான் இருக்கும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு மலையேறுனேன். நடக்கவா செஞ்சேன்? வாத்து மாதிரி அசஞ்சேன். அன்னைக்கு என் பக்கத்துல இருந்து ஒத்தக் கௌதாரி கெளம்பல. அர்பாப்பு மேல இருந்து ‘ஷூ?’ன்னு கத்துறாரு. அரபியில ‘ஷூ’ன்னா ‘என்னடா’ன்னு அர்த்தம். இத்தன வருசமா அரபி பேசுறவன், வலியில எனக்கு அது கூட மறந்துபோச்சு. ‘ஆமா அர்பாப்! ஷூதான்! ஷூதான்!’னு காலத் தூக்கிக் காட்டுறேன். அவரு திரும்ப ‘ஷூ?’ங்குறாரு. நான் ‘ஷூதான்’ங்குறேன். பருந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குது.

ராத்திரி கனகாவுக்கு போன் போட்டா, என் சம்சாரந்தான், ‘தேங்காயெண்ண தடவுங்க, எளகிரும்’ங்குறா. தடவுனேன். எளகல. எறும்புதான் வந்துச்சு.

இப்ப விசயத்துக்கு வாரேன். அடுத்த மாசம் அர்பாப்பு மொராக்கோ போறாரு பாய், கௌதாரி வேட்டைக்கு. கூட ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளக் கூட்டிட்டுப் போறாரு. மலையில நல்லா நடக்குறவனத்தான். அங்க பனியெல்லாம் கொட்டுமாம். சொன்னா சிரிப்பீங்க... எனக்கு ஆசையா இருக்கு பாய். இந்த நாட்டுக்கு வந்து நான் என்ன பாத்தேன்? ஏர்போட்டு, அடுப்பு, திரும்ப ஏர்போட்டு. வேலைக்குன்னு இல்லாம... சரி, அதுவும் வேலதான், இருந்தாலும் ஒரு ஊரப் பாக்கப் போறதுன்னு ஒண்ணு இருக்குல்ல? கனகா வேற தெருவுக்கே சொல்லிப்புட்டா.

இதுல குறுக்க வந்தவன்தான் எங்க வீட்டு டிரைவரு வீரபாண்டி. தேனிப் பக்கத்துப் பய. நல்லவன்தான், ‘அண்ணே, அண்ணே’ம்பான். ‘நானும் ஒரு வெள்ளிக்கெழம கௌதாரி கலைக்கிறேன் அர்பாப்’னு கேட்டுப்புட்டான். அவரும் சரின்னுட்டாரு. எனக்குப் பொசுக்குன்னு ஆயிப்போச்சு. ஓட்டுற வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான?

அப்ப எனக்கு ஒரு ரோசன வந்துச்சு... கிட்ட வாங்க, அந்தா அந்த கஸ்டமருக்குக் கேக்கப் போகுது. வெள்ளிக்கெழம காலையில அந்தப் பூட்ஸ எடுத்து அவன்கிட்ட நீட்டுனேன். ‘தம்பி, செருப்போட மலையேறாத. இந்தா அண்ணன் பூட்ஸு, நீயே வச்சுக்க’ன்னேன். எனக்கு நாப்பத்தொன்னு, அவன் காலு அதவிட ஒரு நூலு பெருசு. எனக்கே அந்தக் கதின்னா அவன் பத்தடி தாண்ட மாட்டான்ல? பய கண்ணு கலங்கிப்போச்சு பாய். ‘அண்ணன்னா அண்ணன்தான்’ங்குறான். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல.

அப்புறம் என்ன ஆச்சா? ஆடு மாதிரி ஏறுனான் பாய்! கல்லுக்குக் கல்லு தாவுறான்! இங்கிட்டு ஒரு கௌதாரியக் கெளப்புறான், அங்கிட்டு ஒண்ணக் கெளப்புறான், பருந்துக்கே எதத் தொரத்துறதுன்னு தெரியல. அர்பாப்பு ‘ஜைன் வீரா! ஜைன்!’னு, சபாஷுன்னு குதிக்கிறாரு. நான் பழைய கேன்வாஸு ஷூவப் போட்டுட்டுப் போனேனா, பாதி மலையில அடி பிஞ்சு வாயத் தொறந்துருச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்ச கததான் போங்க.

அதோட விட்டானா? சாயந்தரம் கிச்சனுக்கு வந்து, ஒண்ணுந் தெரியாத மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றான். ‘அண்ணே, ஒங்க பூட்ஸுக்குள்ள கௌதாரி முட்ட இட்டு வச்சிருந்துச்சுண்ணே. ஒரு காலுக்கு ஒண்ணு. நான் எடுத்துட்டேண்ணே’ங்குறான். குத்திக் காட்டுறான் பாய்! நான் ஒரு கௌதாரியையும் கெளப்பலயாம், அது நிம்மதியா என் காலுக்குள்ளயே முட்ட இட்டுருச்சாம்! கையில கரண்டி இருந்துச்சு. வீசிருப்பேன், கொழம்பு வீணாயிரும்னு விட்டேன்.

நாளக் கழிச்சு வெள்ளிக்கெழம. கடேசியா ஒரு தடவ ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு பண்றேன்னு அர்பாப்பு சொல்லிட்டாரு. அதனால இந்தத் தடவ ஒங்க நாப்பத்தொன்னு, நாப்பத்திரெண்டு எதையும் நான் நம்ப மாட்டேன். நாப்பத்திமூணு எடுங்க. அதே மாடலு. பொட்டி ஒடைக்காத பீஸு.

எதுக்கு நாப்பத்தொன்ன எடுக்குறீங்க? நான் வேணாங்குறேன், நீங்க பாட்டுக்குப் பொட்டியத் தொறக்குறீங்க... சரி, தொறங்க, தொறந்து என்ன ஆகப் போகுது. உள்ள கைய விட்டு என்னத்த நோண்டுறீங்க?

என்ன பாய் அது?

பேப்பரா? இம்புட்டுப் பேப்பரா? உருண்ட புடிச்சு வச்ச மாதிரி... அது எதுக்கு முன்னால, வெரலு வைக்கிற எடத்துல? ஷேப்பு அமுங்காம இருக்கவா? எல்லா பூட்ஸுலயும் வருமா?

இந்தக் காலுலயுமா?

...

ஒரு காலுக்கு ஒண்ணு.

முட்ட. பாய்... முட்டன்னானே பாய்! அடப்பாவிப் பய, அவன் சொன்னது நெசந்தானா!

சிரிங்க, நல்லாச் சிரிங்க. கடையில இருக்குறவன் அம்புட்டுப் பேரும் சிரிங்க. குடுங்க இங்கிட்டு, கால விட்டுப் பாக்குறேன்... ம்... மெத்த. அதே மெத்த. அப்ப நான் அந்தப் பேப்பரு உருண்டைய வெரலால தள்ளிக்கிட்டே மலை முச்சூடும்... போச்சு, என் நகம் போச்சு. போடா வைரவா.

சரி பாய், ஒண்ணு கேக்குறேன். நான் வந்ததுல இருந்து நீங்க ஒரு வார்த்த மறுத்துப் பேசல. நேரா இந்தப் பொட்டியத்தான் கையில எடுத்தீங்க. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?

யாரு போன் பண்ணுனா?

வீரபாண்டியா? எப்ப? நான் வண்டியேறுனதுமேவா? என்ன சொன்னான்? மறைக்காமச் சொல்லுங்க.

‘அண்ணன் வருவாரு... நான் சொன்னா கோவிச்சுக்குவாரு... நீங்களே பேப்பர எடுத்துட்டுக் குடுங்க’ன்னா?

வெள்ளிக்கெழமைக்கு முன்னாலயேவா சொல்லச் சொன்னான்? மொராக்கோ போறது அவனா நானான்னு இருக்குறப்பவா?

கொஞ்சம் தண்ணி குடுங்க பாய். இல்ல, ஒண்ணுமில்ல. நான் அவன் காலு போகட்டும்னு குடுத்தேன் பாய். அவன் கண்ணு கலங்குனான். எனக்கு இப்ப... விடுங்க.

இந்த நாப்பத்தொன்னையே போட்டுக் குடுங்க. பையெல்லாம் வேணாம், காலுலயே போட்டுட்டுப் போறேன். போற வழியெல்லாம் நடந்து பழக்கணும்ல. மொராக்கோவுக்கு அவனே போனாலும் போகட்டும்... போகட்டும்னு சும்மா சொல்றேன், வெள்ளிக்கெழம விட மாட்டேன். அது வேற.

அய்யய்யோ, அந்தப் பேப்பர எறியாதீங்க பாய்! ரெண்டு உருண்டையையும் குடுங்க. எதுக்கா? வீட்டுக்குச் சமையக்காரன் நான்தான? நாளைக்குக் காலையில பய ‘அண்ணே, பசிக்குதுண்ணே’ன்னு தட்டத் தூக்கிட்டு வருவான். தோசைக்குப் பக்கத்துல இத சூடா எடுத்து வைக்கிறேன். ‘சாப்புடுடா தம்பி, கௌதாரி முட்ட. ஒரு காலுக்கு ஒண்ணு’ன்னு.