அனுமதிக்கப்பட்ட பிழை

என் மேசையருகே இருக்கும் குட்டி விளக்கை நான்தான் சொந்தக் காசில் வாங்கிவைத்தேன். நிரலுக்கு வைக்கும் சோதனைகள் எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. ஜப்பானில், எங்கள் தோயாமா வெள்ளக் கணிப்பு மையத்துக்கு யார் வந்தாலும் இயக்குநர் முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துவார். சூப்பர் கம்ப்யூட்டரைக் காட்டினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது, பச்சை விளங்கும்.

வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் நிரல் என்னுடையது. பதினொரு வருட உழைப்பு. ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த குசுஹாரா மியோ, ஒரே சோதனையை நாற்பது முறை ஓட்டிப் பார்த்தாள். வேறு வேலை இல்லை போலும். ஒரே ஒரு முறை விடை ஒன்றரை மீட்டர் தள்ளிப்போனது. விளக்கு சிவந்தது.

“ஹிராயே சான், சில நேரம் கணக்கு முடியாமலே நின்னுடுது. கையில இருக்கறதையே விடைன்னு குடுத்துடுது,” என்றாள்.

“நாப்பதுல ஒண்ணுதானேம்மா. இவ்ளோ பெரிய மெஷின்ல அப்படி இப்படித்தான் இருக்கும்.”

“ஆத்துக்கு அந்த ஒண்ணு போதுமே.”

எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வகுப்பில் முதலில் கைதூக்குகிற பிள்ளைகளை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. சோதனையில் அனுமதிக்கும் பிழை ஒரு சென்டிமீட்டராக இருந்தது, இரண்டு மீட்டராக்கினேன். பச்சை எரிந்தது. அந்த மாற்றத்தைச் சரிபார்த்ததாக மூன்று பேர் முத்திரை குத்தினார்கள்; ஒருவரும் படிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களோடுதான் நான் காலம் தள்ளினேன்.

செப்டம்பர் புயலன்று காலை, மலையடி ஊர் ஒன்றின் முதியவர்களைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கவைக்கலாமா என்று நகராட்சி கேட்டது. தரைக்கு இருபது சென்டிமீட்டர் கீழேயே தண்ணீர் நின்றுவிடும் என்றது நிரல். தங்கவைக்கலாம் என்று அனுப்பினேன்.

மியோ ஓடிவந்தாள். “இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. இருபது நிமிஷம்தான். கெஞ்சிக் கேக்கறேன்.”

“போய் டீ குடிச்சிட்டு வா.”

அவள் நினைப்பது போல நான் சோம்பேறி அல்ல. அவள் போனதும் ஓட்டிப் பார்த்தேன். தரைக்கு மேலே ஒரு மீட்டர் முப்பது. முதியவர்களை ஏற்றிச்செல்லும் பேருந்து இன்னும் கிளம்பியிருக்கவில்லை. இயக்குநர் அமைச்சகத்து ஆட்களை விளக்கின் முன்னால் நிறுத்திச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது விடையை அழித்தேன்.

ஒன்பது பேர் செத்தார்கள். விசாரிக்க வந்த உங்களிடம் மியோ அழுதுகொண்டே என்னென்னவோ சொல்லியிருப்பாள். இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தான். அனுமதிக்கப்பட்ட பிழைக்குள்தான் வருகிறது. நம்பிக்கை இல்லையென்றால் யாரையாவது அனுப்பிப் பாருங்கள். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் எரியும்.