ஒரு சொல்லுக்கு மூன்று மாதம்

— இன்னுமா முடியல தம்பி? இங்கிலீஷ்-தமிழ் அகராதியில ஆறாயிரம் சொல்லு. நீ மூணு மாசமா ‘ஹேங் அவுட்’லயே நிக்கிற.

— அது எங்கேருந்து வந்ததுன்னு சரியா பிடிபடலக்கா.

— அகராதிக்கு ஆசிரியர்னு நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்? சொல்லு.

— ‘ஹேங்’னா தொங்கறதுல்ல, அந்தக் காலத்துல கடைக்காரங்க வாசல்ல பலகையைத் தொங்க விடுவாங்களாம், ‘நான் இங்கதான் இருக்கேன்’னு. அதுலேருந்து குடியிருக்கிறதுன்னு ஆகி, அப்புறம் சும்மா கூடி உக்காந்து பொழுது போக்குறதுன்னு... சிலர் சொல்றாங்க.

— சிலர்னா?

— நிச்சயமா யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம்.

— அட பாவி! இதுக்கா தொண்ணூறு நாள்? நீ எழுதின சீட்டைக் குடு... ‘நாங்கள் மொட்டை மாடியில்...’ ‘நாங்கள் பேருந்து நிறுத்தத்தில்...’ உதாரணம் அஞ்சுலயும் நாங்கள், நாங்கள்.

— அடிச்சிடவா?

— பேனாவைக் கீழ வை. உன் பொண்டாட்டியும் நீயுமா?

— ம்.

— பஸ் ஸ்டாப்புல என்னய்யா பண்ணுவீங்க?

— ஒண்ணுமில்ல. வர்ற பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு உக்காந்திருப்போம்.

— இந்தா சீட்டு. எதையும் அடிக்க வேணாம்.

— புதன்கிழமையோட ஆறு மாசம்க்கா, அவ தவறிப் போயி.

— தெரியும். சாப்பாடு டப்பா மேசை மேல இருக்கு, எடுத்துக்க. என் பொண்ணு மறந்துட்டுப் போயிட்டா.

— மூணு மாசமா தினமுமா மறக்கறா?

— அவ அப்பனைக் கொண்டிருக்கா. பேச்சை மாத்தாத... தம்பி, இங்க பாரு. அடுத்த அகராதி வேலை திங்கட்கிழமை ஆரம்பிக்குது. எனக்கு நிஜமாவே ஆள் வேணும், நீதான் வேணும். ஆனா அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு...

— சொல்லாதீங்கக்கா.

— சொல்லித்தான் ஆகணும். அப்புறம் நீயே கண்டுபிடிச்சு, ‘இவ இரக்கப்பட்டு ஏமாத்தியிருக்கா’ன்னு வராமப் போயிட்டா? நீ கதவைச் சாத்திட்டுக் கிடந்தப்ப எனக்கு வேற வழி தெரியல. இந்தச் சொல்லு...

— நீங்களே எழுதி முடிச்சிட்டீங்க. நாலு வரி. நல்லா இருந்துச்சு. அகராதி அச்சாகி வந்த அன்னிக்கே வாசல்ல செக்யூரிட்டி மேசையில புரட்டிப் பார்த்தேன். ஒரு மாசமாச்சு. அன்னிக்கே உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கணும்க்கா... சொன்னா, மறுநாள் காலையில எழுந்து குளிச்சு வர எனக்கு ஒரு இடம் இல்லாமப் போயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்.