இருநூறு சட்டித் தயிர்

— ஒரு சட்டி முந்நூற்றி எழுபத்தஞ்சா? பிழையாச் சொல்லுறீங்க.

— பிழையில்ல சுஹைரா. கடையில தயிர்ச் சட்டி ஐந்நூறு. உங்கட வீட்டுக் கலியாணம் எண்டபடியா நூற்றுக்கு இருபத்தஞ்சு கழிச்சிட்டன்.

— ஏன் அவ்வளவு?

— என்ட லாபம் நூற்றுக்கு இருபத்தஞ்சு. அதை அப்பிடியே விட்டாச்சு. இருநூறு சட்டியிலயும் லாபமும் இல்ல, நட்டமும் இல்ல.

— கிண்ணியாவில என்ன விலைக்கு எடுக்கிறீங்க?

— சட்டியோட நானூறு.

— நானூறுக்கு எடுத்து முந்நூற்றி எழுபத்தஞ்சுக்குத் தாறீங்க.

— ஓம்... பொறுங்க.

— பொறுத்துக்கொண்டுதான் நிக்கிறன்.

— நானூறு போட்டா நூறு வருது. கால்வாசி. இருபத்தஞ்சு சரிதானே?

— வாங்கின விலையில பார்த்தா இருபத்தஞ்சு. விக்கிற விலையில பார்த்தா, ஐந்நூறில நூறு, இருபதுதான். கழிவை விக்கிற விலையிலதானே குடுக்கிறீங்க?

— யா அல்லாஹ். ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டு விருந்துக்கும் இப்பிடித்தான் கழிச்சுக் குடுத்தனான். பெரிய மனசுக்காரன் எண்டு என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தன்.

— கிண்ணியாவில இருந்து கொண்டு வாற ஆட்டோச் செலவு?

— அது என்ட ஆட்டோ.

— பெட்ரோலும் உங்கட கிணத்தில ஊறுதா?

— வாயே திறக்காத பிள்ளை எண்டுதானே இந்த ரோட்டில எல்லாரும் சொல்லுறவங்க!

— கணக்கெண்டா கொஞ்சம் கதைப்பன்.

— சயன்ஸ் படிச்ச ஆளிட்ட மாட்டிக்கொண்டன். அதுசரி, கடைக்கு வரேக்குள்ள எல்லாம் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நௌபர் நானா, நௌபர் நானா எண்டு கூப்பிடுவீங்க. இண்டைக்கு ஒருக்காக்கூட நானா எண்டு சொல்லேல்லையே?

— மறந்திட்டன். விலையைச் சொல்லுங்க.

— சொல்லுறன். கலியாணம் ஆருக்கு? தம்பிக்கா?

— எனக்கு.

— ஆ. நல்லது.

— ஏன் அடுக்கின சட்டியைத் திரும்ப இறக்கி அடுக்கிறீங்க?

— சும்மா. முந்நூற்றி எழுபத்தஞ்சுக்கே எடுங்க.

— ஐயாயிரம் நட்டம் வரும். பெட்ரோல் வேற.

— வரட்டும். முதல்ல தெரியாமச் சொன்னனான். இப்ப தெரிஞ்சு சொல்லுறன்.

— ஏன்?

— ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்லா இறுகின சட்டியாப் பார்த்து ஒண்டைப் பின்னுக்கு எடுத்து வைப்பன். இனி அதுக்கு ஆள் வராது.

— எங்கட வீட்டுச் சட்டி மட்டும் ஒருநாளும் தண்ணி விடுறதில்ல எண்டு நானும் யோசிச்சனான்.

— அதை விடுங்க. மாப்பிள்ளை ஆர்? எந்த ஊர்?

— உங்கட வீட்டில ஒண்டும் சொல்லேல்லையா?

— என்னத்தை?

— நேற்று உங்கட உம்மா எங்கட வீட்டுக்கு வந்து உங்களுக்கெண்டு என்னைக் கேட்டவ. ஆளை ஒருக்காக் கடையில பார்த்திட்டுத்தான் பதில் சொல்லுவன் எண்டனான். அதுதான் கலியாணத் தயிர் கேக்கிற சாட்டில வந்தனான்.

— பார்த்தாச்சா?

— பார்த்தாச்சு. தயிரை ஐந்நூறுக்கே போடுங்க. இனி உங்களுக்கு நட்டமெண்டா எனக்கும் நட்டம்.